தேன்மெழுகும் சாயவேரும்: வன்னிப் பொருள்களிற் கரைதலின் வரலாறு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வன்னிமைகள், யானைத்திறை, குளங்கள் ஆகிய மூன்றையுமே சுற்றிவந்துள்ளனர். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனின் வீரமும், திறையாகப் பிடித்துக்கொடுக்கப்பட்ட யானைகளின் தொகையும், உடைந்து காடுமண்டிய அணைக்கட்டுகளின் அவலமும் நம் நூல்களில் வேண்டிய அளவு பேசப்பட்டுவிட்டன. அப்பெருங்காட்டிலிருந்தும் அதன் கரையோர மணற்பாங்கிலிருந்தும் வெளியே சென்ற சிறு பொருள்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. தேன், மெழுகு, சாயவேர், உப்பு என்பன அவற்றுட் சில. யானையோடு ஒப்பிடுமிடத்து இவை அற்பமானவை. ஆயினும் யானையைப் பிடிப்பதற்கு வலிமையும் தந்திரமும் போதும். வேரிலிருந்து சிவப்பைப் பிரித்தெடுத்துப் பருத்தியில் நிலைநிறுத்துவதற்கு வேறொரு வகை அறிவு வேண்டும். எப்பொருள் எதிற் கரையும், எதிற் கரையாது என்பதே அவ்வறிவு.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் கைக்கொண்டபின் அவர்தம் அலுவலர் எழுதிவைத்த நினைவறிக்கைகளில் இப்பொருள்கள் இடம்பெறுகின்றன. யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த ஹென்றிக் சுவார்டகுறூன் 1697இல் தம் கீழுள்ள சபையாருக்கு எழுதிவைத்த நினைவறிக்கை வன்னியரின் யானைத்திறை பற்றியும் சாயவேர் பற்றியும் பேசுகின்றது. வன்னியின் ஒல்லாந்த நிருவாகியாகவிருந்த தோமஸ் நாகெல் 1793இல் அந்நிலப்பகுதியைப் பற்றித் தனியே ஒரு குறிப்பெழுதினார். ஆங்கிலேயர் காலத்தில் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் யாவரும் அறிந்தது. இவர்கள் எல்லோரும் ஆட்சியாளரின் கண்கொண்டு நோக்கியவர்கள். எடை எவ்வளவு, விலை என்ன, வேலைக்கு வராதவர் எத்தனை பேர் என்பனவே அவர்தம் கவலை. வேர் எவ்வாறு சாயமாகிறது என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அக்குறையை நிரப்ப முனையும் நம்மவருட் சிலர் எதிர்த்திசையில் மிகையாகச் சென்று, முன்னோர் மூலக்கூற்றியலையே அறிந்திருந்தனர் என எழுதிவிடுகின்றனர். இரண்டும் வரலாற்றுக்கு உதவா. சாயக்காரர் அறிந்திருந்தது எது, அறியாதிருந்தது எது என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், கரைதல் என்னும் நிகழ்ச்சியை இன்றைய இரசாயனவியல் எவ்வாறு விளக்குகின்றது என்பதை முதலில் நோக்கல் வேண்டும். அதற்குத் தேனடையே தகுந்த தொடக்கம்.

காட்டிலிருந்து கொணர்ந்த தேனடையைப் பிழிந்தால் தேன் வடியும். எஞ்சிய சக்கையைத் துணியிற் கட்டிக் கொதிநீரில் இட்டால், ஒட்டியிருந்த தேன் நீரோடு கலந்து மறைந்துவிடும். மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியபின் மிதக்கும் வட்டத்தை எடுத்து வெயிலில் உலர்த்தினால் வணிகச் சரக்கு ஆயத்தம். ஒரே பூச்சி, ஒரே கூடு. அதில் ஒரு பொருள் நீரைக் கண்டதும் கலக்கிறது, மற்றது எத்துணை நேரம் கொதிக்கவைத்தாலும் கலக்க மறுக்கிறது. காட்டுக்குச் சென்ற எவனும் இதனை அறிவான். ஆனால் ஏன் என்று கேட்டால் இருபதாம் நூற்றாண்டுக்கு முன் உலகில் எவராலும் சரியான விடை தந்திருக்க முடியாது.

நீரின் மூலக்கூறு ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் கொண்டது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையாது ஏறத்தாழ 104.5 பாகை கோணத்தில் வளைந்து நிற்கின்றன. பிணைப்பிலுள்ள இலத்திரன்களை ஒட்சிசன் தன்பால் மிகுதியாக இழுத்துக்கொள்வதால் அப்பக்கம் சிறிது எதிரேற்றமும், ஐதரசன்களின் பக்கம் சிறிது நேரேற்றமும் பெறுகின்றன. இதனையே முனைவுத்தன்மை என்கிறோம். இங்கு வடிவம் முக்கியமானது. காபனீரொட்சைட்டிலும் ஒட்சிசன் இலத்திரனை இழுக்கத்தான் செய்கிறது. எனினும் அம்மூலக்கூறு நேர்கோடாக அமைந்திருப்பதால் இருபுறத்து இழுவையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றது. வளைந்த நீருக்கு அவ்வாறான ஈடு இல்லை. ஆகவே ஒரு நீர்மூலக்கூறின் ஐதரசன் அடுத்த மூலக்கூறின் ஒட்சிசனைப் பற்றிக்கொள்கிறது. ஐதரசன் பிணைப்பு எனப்படும் இப்பற்றுகள் நொடிக்கு நொடி அறுந்தும் புதிதாய் முளைத்தும் நீர் முழுவதையும் ஒரு வலையாக்கி வைத்திருக்கின்றன.

இவ்வலைக்குள் புகவேண்டிய பொருள், தான் குலைக்கும் பற்றுகளுக்கு ஈடாகப் புதிய பற்றுகளைத் தருதல் வேண்டும். தேனில் மிகுந்திருப்பவை புறற்றோசு, குளுக்கோசு என்னும் வெல்லங்கள். ஒவ்வொன்றின் மூலக்கூறிலும் ஐந்து ஐதரொட்சில் கூட்டங்கள் உள. நீரின் பற்றுகளைப் போன்ற பற்றுகளை அவை தாராளமாகத் தரவல்லன. இதனாற்றான் வெல்லம் நீருக்குள் வீட்டுக்குள் நுழையும் உறவினனைப் போல நுழைகிறது. மெழுகின் பெரும்பகுதியோ நீண்ட காபன் சங்கிலிகள் கொண்ட எசுத்தர்களால் ஆனது. அவற்றுட் சிறப்பான ஒன்றில் பதினாறு காபன் கொண்ட அமிலமும் முப்பது காபன் கொண்ட மதுசாரமும் இணைந்துள்ளன. நாற்பத்தாறு காபன்களின் நீளத்தில் முனைவுள்ள இடம் ஒன்றே. எஞ்சியது முழுவதும் காபனும் ஐதரசனும் இலத்திரனைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் முனைவற்ற பகுதி.

மெழுகை நீர் வெறுத்துத் தள்ளுகிறது என்று சொல்வது வழக்கம். அது முற்றிலும் சரியன்று. நீருக்கும் மெழுகுக்கும் இடையே மெல்லிய கவர்ச்சி உண்டு. நீர்மூலக்கூறுகள் தம்முள் கொண்ட கவர்ச்சி அதனினும் மிகப் பெரிது என்பதே செய்தி. முனைவற்ற சங்கிலியைச் சூழ நேரும்போது நீர்மூலக்கூறுகள் தம் பற்றுகளைக் காத்துக்கொள்ளத் தம்மை ஓர் ஒழுங்குக்குட்படுத்த வேண்டியுள்ளது. அவ்வொழுங்கு அவற்றின் தன்னிச்சையான அசைவைக் குறைக்கிறது. வால்ற்றர் கோஸ்மன் 1959இல் புரத மூலக்கூறுகள் மடிவதை விளக்குகையில் இக்கருத்தைப் பெரிதும் பயன்படுத்தினார். மண்ணெண்ணெய்க்கோ இளஞ்சூடான தேங்காயெண்ணெய்க்கோ இத்தொல்லை இல்லை. அவையும் மெழுகைப் போன்ற சங்கிலிகளே. ஆகவே மெழுகு அவற்றில் எளிதாகக் கலந்துவிடுகிறது.

இலங்கை மெழுகுக்கு இரசாயனவியலின் வரலாற்றில் தனியிடம் ஒன்று உண்டென்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. இங்கிலாந்து இரசாயனவியலாளரான பெஞ்சமின் கொலின்ஸ் புறோடி 1848ஆம் ஆண்டையொட்டித் தேன்மெழுகின் இயல்பை ஆராயத் தொடங்கினார். அவர் கைக்கொண்ட முறை எளியது: மெழுகைக் கொதிக்கும் மதுசாரத்தில் இட்டு, கரைந்த பகுதியையும் கரையாது நின்ற பகுதியையும் பிரித்தல். கரைந்த பகுதியில் செறோட்டிக்கமிலம் என்னும் கட்டற்ற அமிலம் இருந்தது. கரைய மறுத்த பகுதி மைரிசின் எனப்பட்டது. அதுவே மேலே சொன்ன எசுத்தர். ஐரோப்பிய மெழுகில் இரண்டும் இருந்தன. இலங்கையிலிருந்து சென்ற மெழுகை ஆராய்ந்தபோது அதில் செறோட்டிக்கமிலம் இல்லையென அவர் கண்டார். தேனீயின் இனம் மாறினால் மெழுகின் அமைப்பும் மாறும் என்பதை இன்று நாம் எளிதில் ஏற்றுக்கொள்வோம். எமது காடுகளில் வாழும் தேனீக்கள் ஐரோப்பியத் தேனீயின் இனத்தைச் சார்ந்தவை அல்ல. அன்று அது புதுமை. மெழுகு பற்றிய இவ்வாய்வுகளுக்காக 1850இல் புறோடிக்கு வேத்தியற் கழகத்தின் வேத்தியற் பதக்கம் வழங்கப்பட்டது.

புறோடியின் கருவி மதுசாரம் என்பதைக் கவனித்தல் வேண்டும். மதுசாரம் நீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்டது. அதன் மூலக்கூறின் ஒருபுறம் நீரை ஒத்த ஐதரொட்சில். மறுபுறம் எண்ணெயை ஒத்த சிறு காபன் சங்கிலி. கட்டற்ற அமிலத்தின் தலையில் முனைவு மிக்க கூட்டம் இருப்பதால் சூடான மதுசாரம் அதனைப் பற்றி இழுத்துவிடுகிறது. எசுத்தரில் அப்பிடி தளர்ந்துவிடுகிறது. ஆகப் புறோடி செய்தது முனைவுத்தன்மையின்படி பிரித்தலே. ஆனால் அப்பெயரும் அக்கருத்தும் அவரிடம் இல்லை. செயல் முன்னும் விளக்கம் பின்னுமாக வருவது வேர்குத்திகளின் உலகில் மட்டுமன்று, வேத்தியற் கழகத்திலும் நிகழ்ந்ததே.

விளக்கம் வந்த வழியைச் சுருங்கச் சொல்லலாம். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்னும் வாய்பாடு இரசவாதிகளின் காலத்திலிருந்தே இலத்தீன் மொழியில் வழங்கிவந்தது. அது அனுபவத்தின் சுருக்கமேயன்றிக் காரணமன்று. உப்புகள் நீரில் அயன்களாகப் பிரிகின்றன என்னும் கொள்கையை ஆரீனியசு 1887இல் முழுமையாக முன்வைத்தார். பீற்றர் டிபை 1912இல் சில மூலக்கூறுகள் நிலையான இருமுனைவு உடையன எனக் காட்டினார். லற்றிமர், உறொட்புஷ் ஆகிய இருவரும் 1920இல் ஐதரசன் பிணைப்பை நீருக்குப் பொருத்திப் பேசினர். ஜோயெல் ஹில்டபிராண்டின் கரைதிறன் பற்றிய நூல் 1924இல் வெளிவந்தது. லைனஸ் போலிங் 1932இல் மின்னெதிர்த்தன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியாற் றமிழுக்கு வந்த ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சேறியபோது இவற்றுள் ஒன்றும் பிறக்கவில்லை. தமிழில் இரசாயனவியல் பிந்திவந்தது என்று அடிக்கடி வருந்துவோர், முனைவுத்தன்மையைப் பொறுத்தவரை ஆங்கிலமே நம்மைவிடப் பெரிதும் முந்தியிருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் சாயவேருக்கு வருவோம். மன்னாரிலும், வன்னியின் கரையோர மணலிலும், யாழ்ப்பாணத் தீவுகளிலும் தானே முளைக்கும் சிறுசெடி அது. மேலே தெரிவது ஒரு சாண் பசுமை. கீழே நூல்போல நீண்டிறங்கும் வேர். அவ்வேரைத் தோண்டியெடுப்பதையே குடித்தொழிலாக விதிக்கப்பட்டவர்கள் வேர்குத்தி என்னும் பெயராலேயே அழைக்கப்பட்டனர். விரும்பிச் செய்த தொழிலன்று இது. ஆட்சியாளருக்குச் செய்யவேண்டிய கடமையூழியம். வெயில் எரிக்கும் மணலில், வேர் அறுந்துபோகாதவாறு குத்தித் தோண்டிச் சுமந்து அளந்து கொடுத்தல் வேண்டும். ஒல்லாந்தக் கும்பனி இவ்வேரின் வாணிபத்தைத் தன் கையில் வைத்திருந்தது. சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகள் ஐரோப்பாவெங்கும் விலைபோன காலம் அது. அத்துணிகளின் புகழைப் பாடிய நூல்களில் வேரைத் தோண்டிய மக்களுக்கு அரைவரி கிடைத்தாற் பெரிது.

வேருக்குள் இருக்கும் சிவப்பின் பெயர் அலிசரின். ஐரோப்பாவில் மஞ்சிட்டியின் உறவுச்செடியொன்றிலிருந்து பெறப்பட்டதும் இதுவே. மூன்று வளையங்கள் ஒட்டி அமைந்த தட்டையான மூலக்கூறு. அதில் இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களும் இரண்டு காபனைல் கூட்டங்களும் உள. முனைவுள்ள கூட்டங்கள் நான்கு இருக்கையில் அது நீரில் நன்கு கரையவேண்டும் என்று மாணவர் எதிர்பார்ப்பர். கரைவதில்லை. குளிர்ந்த நீரில் ஏறத்தாழக் கரையாதது என்றே கூறலாம். கொதிநீரிலும் சிறிதே கரையும். ஒரு காரணம், ஐதரொட்சிலுள் ஒன்று தன் பக்கத்துக் காபனைலையே பற்றிக்கொண்டு நீருக்குக் கைகொடுக்காது நிற்கிறது. மற்றொன்று, தட்டையான மூலக்கூறுகள் தட்டுகளை அடுக்கினாற்போல் இறுக அடுங்கிப் பளிங்காகிவிடுகின்றன. அவ்வடுக்கைப் பிரிக்க நீர் தரும் ஊதியம் போதாது. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்னும் வாய்பாடு இங்கே நொண்டுகிறது. கரைதல் என்பது கரைப்பானின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. கரையத்தின் துகள்கள் தம்முள் எவ்வளவு இறுகப் பற்றியுள்ளன என்பதையும் பொறுத்தது. சுண்ணக்கல் முற்றிலும் அயன்களால் ஆனது. ஆயினும் தூய நீரில் அது கரைவது மிகச் சிறிதே. நம் பாடநூல்கள் இதனைப் போதிய அளவு வற்புறுத்துவதில்லை என்பது என் கருத்து.

அப்படியாயின் வேரை நீரிலிட்டுக் காய்ச்சியபோது சாயம் எப்படி இறங்கியது? இதற்கு விடை 1893இல் வந்தது. ஏ. ஜி. பேர்க்கினும் ஜே. ஜே. ஹம்மெலும் சாயவேரைப் பகுத்தாராய்ந்து, அதில் அலிசரினோடு உறுபெரித்திரிக்கமிலமும் இருப்பதைக் கண்டனர். உறுபெரித்திரிக்கமிலம் என்பது அலிசரினோடு ஓர் இரட்டை வெல்லம் பிணைந்த பொருள். செடி தன் சிவப்பை வெல்லத்தோடு கட்டிவைத்திருக்கிறது. வெல்லத்தின் ஐதரொட்சில்கள் நீரைப் பற்றுவதால், தேன் கரைவது போலவே அம்முழுப்பொருளும் நீரிற் கரையத் தலைப்படுகிறது. நீரும் நொதியமும் வெப்பமும் வெல்லத்தை அறுத்துவிட்டால் எஞ்சிய அலிசரின் மீண்டும் கரையாப் பொருளாகிறது. சாயத்துக்கு இவ்விரு நிலைகளும் தேவை. கரையாவிடின் துணிக்குள் நுழையாது. கரைந்துகொண்டேயிருப்பின் முதற் சலவையிலேயே வெளியேறிவிடும். நுழையும்போது கரைவதும் நுழைந்தபின் கரையாமையும் கொண்டதே நல்ல சாயம்.

இரண்டாம் நிலையை உறுதிப்படுத்தியது படிகாரம். புதுச்சேரியில் வாழ்ந்த இயேசுசபைக் குருவான கேர்டூ 1742இலும் 1747இலும் எழுதிய கடிதங்கள் இத்தொழிலின் படிமுறைகளை விரிவாகக் கூறுகின்றன. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர்; சிவப்பு வேண்டிய இடத்திற் படிகாரக் கரைசலைத் தூரிகையால் எழுதுவர்; பின்னர் சாயவேர் இட்ட நீரிற் காய்ச்சுவர். படிகாரம் எழுதிய இடம் மட்டும் சிவக்கும். பிற இடங்களில் ஒட்டிய நிறம் வெளுத்தலிற் போய்விடும். படிகாரத்திலுள்ள அலுமினிய அயன் மூன்று நேரேற்றம் கொண்டது. நார்களுக்கிடையே அது ஐதரொட்சைட்டாகப் படிகிறது. அங்கு வந்துசேரும் அலிசரினின் ஒட்சிசன்களை அலுமினியம் பற்றிக்கொள்ள, எந்நீருக்கும் அசையாத ஒரு சேர்வை உண்டாகின்றது. கடுக்காயின் தனின் அலுமினியத்தை நாரோடு பிணைக்கத் துணைசெய்கிறது.

எருமைப்பால் எதற்கு? இக்கேள்வியை நான் வகுப்பில் எழுப்பியபோதெல்லாம் மாணவர் புன்னகைப்பதுண்டு. பால் என்பது முனைவற்ற கொழுப்பின் நுண்துளிகள் முனைவுள்ள நீரில் மிதக்கும் கலவை. துளிகளைச் சூழ்ந்த புரதம் ஒரு முகத்தைக் கொழுப்புக்கும் மறுமுகத்தை நீருக்கும் காட்டி இரண்டையும் சேர்த்துவைக்கிறது. துணி உலர்ந்தபின் கொழுப்பு நாரிலே தங்கிவிடும். பின்னர் எழுதப்படும் படிகாரக் கரைசல் நீராலானது. கொழுப்பேறிய துணியில் அது தாறுமாறாகப் பரவாது, எழுதிய கோட்டிலேயே நிற்கும். சாயக்காரனுக்கு ‘முனைவு’ என்னும் சொல் தெரியாது. கசியாத கோடு தெரியும். எருமைப்பாலில் கொழுப்பு பசுப்பாலினும் மிகுதி என்பதும் தெரியும்.

கேர்டூவின் கடிதங்களில் நீரைப் பற்றிய குறிப்பொன்று உண்டு. எந்நீரும் இத்தொழிலுக்கு ஆகாது; சுவையிற் சற்றுக் கடுமையான நீரே வேண்டும் என்று சாயக்காரர் கருதினர். இதை மூடநம்பிக்கையென ஒதுக்கியோரும் இருந்தனர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உறுவான் நகரிலிருந்து அல்சாசுக்குப் பெயர்ந்த ஹவுஸ்மன் என்னும் பிரெஞ்சு அச்சுத்துணி உற்பத்தியாளர், பழைய ஊரில் நன்றாக வந்த சிவப்பு புதிய ஊரில் வரவில்லையெனக் கண்டு திகைத்தார். புதிய ஊரின் நீரிற் சுண்ணாம்பு இல்லை. சிறிது சீமைச்சுண்ணாம்பு இட்டதும் நிறம் திரும்பியது. அலிசரின், அலுமினியம் ஆகிய இரண்டோடு கல்சியமும் சேரும்போதே அச்செந்நிறச் சேர்வை செவ்வனே அமைகிறது என்பதே உண்மை.

வடபுலத்துக் கிணறுகளில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணக் குடாநாடும் மன்னாரும் வன்னியின் வட, மேற்குப் பகுதிகளும் சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தவை. தெற்கே வவுனியாப் பக்கத்திற் கடும்பாறை நிலத்திலும் கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீரே. மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகி, தூய நீருக்கு அசையாத சுண்ணக்கல்லை இருகாபனேற்றாக்கிக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. வன்னி இல்லத்தரசியர் கேத்திலின் அடியிற் காணும் வெண்படை இதன் மறுதலையே. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, சுண்ணக்கல் திரும்பிவிடுகிறது. சவர்க்காரம் இந்நீரில் நுரைப்பதில்லை. சவர்க்கார மூலக்கூறின் அயன்தலை நீரையும் நெடுவால் அழுக்கெண்ணெயையும் பற்றவேண்டியது. கல்சியம் இரண்டு தலைகளை ஒருங்கே பிடித்துக் கரையாத் திரளாக்கிவிடுகிறது. வண்ணானுக்குப் பகையாகிய அதே நீர் சாயக்காரனுக்கு உறவாயிற்று.

மெழுகும் இத்தொழிலுக்குள் வந்தது. துணியில் நீலமும் வேண்டுமாயின், நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் உருக்கிய மெழுகால் மூடிவிட்டுத் துணியை நீலத்தொட்டியில் அமிழ்த்துவர். நீலத்தொட்டி நீராலானது; மெழுகு நீருக்கு வழிவிடாது. பின் துணியைக் கொதிநீரிலிட்டால் மெழுகு உருகி மிதந்து பிரியும். நீலமோ அலிசரினைக் காட்டிலும் வேடிக்கையானது. அவுரியின் நீலம் நீரிற் சிறிதும் கரையாது. தொட்டியில் நொதித்தலால் ஒட்சிசன் நீங்கிய சூழலில், காரத்தின் துணையோடு அது அயன் வடிவம் கொண்டு மஞ்சட்பச்சையாய்க் கரைகிறது. துணியை வெளியே எடுத்துக் காற்றிற் பிடித்ததும் ஒட்சிசனேறி மீண்டும் கரையா நீலமாகிறது. கண்முன்னே பச்சை நீலமாய் மாறும் அக்காட்சி எத்தனை தலைமுறைச் சாயக்காரரின் பிள்ளைகளை வியக்கவைத்திருக்கும்! தேனடையின் இரு பொருள்களுள் நீரோடு கலவாதது, இவ்வாறு நீரோடு கலந்த சாயத்துக்கு எல்லை வகுக்கும் வேலியாயிற்று.

சாயவேரின் வாணிபம் ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குன்றத் தொடங்கியது. அதன்பின் வந்தது பேரிடி. 1868இல் பேர்லினில் கிறேபே, லீபர்மன் ஆகிய இருவரும் நிலக்கரித்தாரிலிருந்து பெறப்படும் அந்திரசீனைக் கொண்டு அலிசரினைத் தொகுத்தனர். 1869இல் அதன் ஆக்கமுறைக்கு அவர்களும், இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கினும் காப்புரிமை கோரினர். சில ஆண்டுகளுள் தொழிற்சாலைச் சிவப்பு வேர்ச்சிவப்பைச் சந்தையிலிருந்து துரத்திவிட்டது. சாயவேரைப் பகுத்தாராய்ந்த ஏ. ஜி. பேர்க்கின் இந்த வில்லியம் பேர்க்கினின் மகனே. தந்தையின் ஆலை வேரை வேண்டாததாக்கியது. வேண்டாததாகிய வேருக்குள் என்ன இருந்தது என்பதை மகன் கால் நூற்றாண்டு கழித்துக் கண்டு சொன்னார். மணலில் வேர்குத்திய மக்களுக்கு இது விடுதலையா, பிழைப்பிழப்பா என்று கேட்பின், கட்டாய ஊழியம் ஒழிந்தது என்றளவிலேனும் விடுதலை என்பேன். ஆனால் ஊழியத்தோடு அறிவும் ஒழிந்தது. எந்தக் கிணற்றுநீர் ஆகும், எத்தனை முறை தோய்க்கவேண்டும் என்று தெரிந்த கைகளிடம் எவரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. கேர்டூ சோழமண்டலக் கரைக்கு எழுதிவைத்தது போன்ற ஒரு கடிதம் எமது கரைக்கு இருந்திருப்பின், இக்கட்டுரையின் பாதியை வேறுவிதமாக எழுதியிருக்கலாம்.

வன்னியின் கரைபொருள் வரலாற்றில் அடுத்த அத்தியாயம் உப்பினது. கடல்நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புகள் உண்டு. ஆனையிறவுக் களப்பின் பாத்திகளில் வெயில் நீரை வற்றச்செய்கையில் கரைதிறன் குறைந்தவை முதலிற் பிரிகின்றன: சுண்ணக்கல் முதலில், கல்சியஞ் சல்பேற்று அடுத்து. நீர் தன் முதற்கன அளவிற் பத்திலொன்றாகும்போது கறியுப்பு விளையத் தொடங்கும். மகனீசிய உப்புகள் இறுதிவரை நீரை விட்டுப் பிரியா. அக்கைப்புநீரை வடித்து ஊற்றிவிடுவர். காலந்தாழ்த்தி வாரிய உப்புக் கைக்கும் என்று உப்பளத்தார் சொல்வது இதனையே. நூறு கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்புக் கரையும். அதே அளவு மதுசாரத்தில் ஒரு கிராமின் பத்திலொன்றுகூடக் கரையாது. மண்ணெண்ணெயில் அறவே இல்லை. சோடியத்தைச் சூழும் நீர்மூலக்கூறுகள் ஒட்சிசன்பக்கத்தையும், குளோரைட்டைச் சூழ்பவை ஐதரசன்பக்கத்தையும் காட்டி நிற்க, அயன்களிடையேயான கவர்ச்சி வெற்றிடத்தில் உள்ளதின் எண்பதிலொன்றாய்த் தளர்கிறது. இதுவே உப்பைக் கரைக்கும் நீரின் வலிமை.

1950களில் பரந்தனில் அமைந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை நம்பி எழுந்தது. உப்பு நீரிற் கரைந்து அயன்களாய்ப் பிரியாவிடின் அங்கு ஒன்றும் நடந்திராது. செறிந்த உப்புக்கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்த, ஒரு முனையிற் குளோரீனும் மறுமுனையில் ஐதரசனும் எரிசோடாவும் விளைந்தன. எரிசோடா சவர்க்காரத் தொழிலுக்குச் சென்றது. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கச் சென்றது. குளோரீன் மூலக்கூறு இரண்டு ஒத்த அணுக்களால் ஆனமையின் முனைவற்றது. நீரில் அது கரைவது சிறிதளவே, 20 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ ஏழு கிராம். அச்சிறிதளவே நீரோடு தாக்கமுற்று ஐப்போகுளோரசமிலத்தைத் தந்து கிருமிகளைக் கொல்லப் போதுமானது. தோண்டும் ஊழியத்துக்குப் பெயர்போன நிலத்தில், கூலியும் பதவியும் ஓய்வூதியமும் உள்ள இரசாயனத் தொழில் முதன்முதலாக வேரூன்றியது பரந்தனிலேயே. கிளிநொச்சியின் குடியேற்றத்திட்டங்களைப் பற்றி எழுதுவோர் நெல்லைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி எழுதாதது வியப்பே.

போர் வந்தது. 1980களிற் பரந்தன் ஆலையின் இயக்கம் தடைப்பட்டு, பின்னர் முற்றாக நின்றது. ஆனையிறவில் 1991இலும் 2000இலும் நிகழ்ந்த பெருஞ்சமர்கள் உப்புப் பாத்திகளுக்கு நடுவிலேயே நிகழ்ந்தன. குளோரீனை உற்பத்தி செய்த நிறுவனம் பெயரளவில் தொடர்ந்து, கொழும்பிலிருந்து அதனை இறக்குமதி செய்து வழங்கியது. 2009இல் போர் முடிந்தபோது ஆலையில் எஞ்சியவை துருவேறிய இரும்பும் கூரையற்ற சுவர்களுமே. உப்பளம் பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் உப்பு விளைத்தது. பழைய ஆலையின் மின்பகுகலங்கள் மீண்டும் இயங்கவில்லை.